ரிசல்ட் வரும்வரை

ஜனவரி 18, வியாழன்

கட்டியிலிருந்து துணுக்கு எடுக்க ஒரு ஊசி என்றுதான் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். "சத்தம் வரும், அசையாதீர்கள்" என்று முன்பே எச்சரித்துவிட்டுத்தான் டாக்டர் அடித்தார். நான்கு தடவை. கூரையில் இருந்த விளக்குகளை எண்ணலாம் என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

ஐந்து வேலை நாளாம். அப்படியென்றால் அடுத்த வியாழன்.

ஜனவரி 19

கன்றிப்போன இடம் கத்தரிக்காய் நிறம். அம்மா போனில் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

ஜனவரி 20, சனி

மேல்வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார். மாடிப்படியில் நான்கு அட்டைப்பெட்டி, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். இரண்டு புத்தகமும் ஒரு இசைத்தட்டும் எடுத்தேன். மூன்றிலும் ஒரே பெயர்: ஹில்டகார்ட் க்னெஃப்.

இங்கே பெர்லினில் தினமும் இறங்கி ஏறுகிற ஸூட்க்ராய்ஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பெயர் அது. ஹில்டகார்ட் க்னெஃப் சதுக்கம். மூன்று வருடமாக யாரோ பழைய மேயரின் மனைவி என்றே நினைத்திருந்தேன்.

ஜெர்மன் நடிகையாம், பாடகியாம். முதல் புத்தகம் 1970இல் வந்த சுயசரிதை. தலைப்பு ஒரு பழமொழியின் பாதி: பரிசாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே. நம் ஊரில் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்போம். குதிரையோ மாடோ, உயிரைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இந்த அம்மாள் மட்டும் வாயை நன்றாகவே திறந்து பார்த்திருக்கிறார். 1925இல் உல்மில் பிறப்பு, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா சாவு, பெர்லினில் தாத்தா. ஊஃபா என்ற சினிமா ஸ்டுடியோவில் கார்ட்டூன் படத்துக்கு வரைகிற வேலையில் ஆரம்பம். 1945இல் நகரம் விழும்போது ராணுவ உடை போட்டுக்கொண்டு ஆண் மாதிரி காதலனோடு போனார். அந்த ஆள் நாஜி சினிமாவில் பெரிய கை. இதை அழகாகச் சொல்ல வழியே இல்லை. சோவியத் படையிடம் பிடிபட்டு, தப்பி வந்து, அடுத்த வருடமே இடிபாடுகளுக்கு நடுவே 'கொலைகாரர்கள் நம்மிடையே' படத்தில் நாயகி, அதுவும் நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டு வந்தவளாக. போருக்குப் பின் ஜெர்மனியில் எடுத்த முதல் படம்.

மணி ஒன்றே முக்கால். தூக்கம் இல்லை. இடதுபக்கமாகப் படுக்க முடியவில்லை.

ஜனவரி 21

இரண்டாவது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். 1975. தலைப்பு, தீர்ப்பு. அது எதைப் பற்றி என்று பின்னட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாட்டி வேண்டுமென்றே கொடுத்தாரா? அவருக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 22

இசைத்தட்டைப் போட்டுக் கேட்க வழியில்லை, யூடியூபில் கேட்டேன். கரகரத்த குரல். பாதி பேச்சு, பாதி பாட்டு. குரலே இல்லாத மிகச் சிறந்த பாடகி என்று ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் சொன்னதாகச் சொல்கிறார்கள். சரியான பேச்சு. எனக்காகச் சிவப்பு ரோஜா மழையாகக் கொட்டட்டும் என்கிற 1968 பாட்டு, வரிகளும் அவருடையவை. கெஞ்சல் கிடையாது, கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறை கேட்கிற தொனி.

ஒன்பது தடவை கேட்டேன்.

ஜனவரி 24

ரயில் ஸ்டிரைக். வீட்டிலிருந்தே வேலை. கூட்டத்தில் என்னைக் கேட்ட கேள்வி காதில் விழவே இல்லை.

இங்கே கட்டியைக்கூட குணம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். கூட்டார்டிஷ், ப்யோஸார்டிஷ். நல்ல குணம், கெட்ட குணம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி.

ஜனவரி 25, வியாழன்

வரவில்லை. போன் செய்தால், பரிசோதனைக் கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்கிறாள் வரவேற்பில் இருக்கும் பெண். எப்போது வரும்? வரும்போது வரும். பின்னணியில் காபி மெஷின் சத்தம்.

ஜனவரி 27, சனி

ஹாலிவுட்டில் தயாரிப்பாளர் ஸெல்ஸ்னிக் க்னெஃபுக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, பெயரை மாற்று, ஆஸ்திரியாக்காரி என்று சொல்லிக்கொள் என்றாராம். மாட்டேன் என்றார். அப்புறம் 1951இல், ஊர் திரும்பி நடித்த 'பாவி' படத்தில் சில நொடி நிர்வாணம். கொலோன் நகரக் கத்தோலிக்கக் கார்டினல் எதிர்ப்புக் கடிதம் எழுதினார், தியேட்டரில் நாற்றக்குண்டு வீசினார்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாமை நடத்திய நாட்டில் இதற்கா இத்தனை கொதிப்பு என்று பின்னால் அவரே கேட்டார். எனக்கு இதில் கோபம் கார்டினல் மேல்கூட இல்லை. ஒரு உடம்பு, அதை யார் பார்க்கலாம், அதைப் பற்றி யார் பேசலாம் என்று ஊரே கூடி முடிவெடுக்கிறதே, அது. 1973இல் அதே உடம்பில் மார்பகப் புற்றுநோய். ஜெர்மனியில் வீட்டுக்குள்கூட அந்தப் பேச்சைத் தணிந்த குரலில் பேசிய காலம். இவர் புத்தகமாகவே போட்டார்.

நான் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சின்ன அத்தைக்கு வந்தபோது 'வயித்துவலி' என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொன்னார்கள். கல்யாண வயதில் பெண் இருந்தாள். கடைசிவரை வயித்துவலிதான்.

ஜனவரி 28

பாத்திரம் தேய்த்தேன். அடுப்பைத் தேய்த்தேன். ஜன்னலைத் தேய்த்தேன்.

ஜனவரி 29

நியூயார்க் பிராட்வேயில் க்னெஃப் நடித்த 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' இசை நாடகம் 478 காட்சி. கோல் போர்ட்டரின் இசை, 1955. அதே முகபாவத்தோடு, அதே வசனத்தை, 478 தடவை. நானும் பதினோரு நாளாக ஒரே வசனம்தான்: சளி, சளி, இப்போ பரவாயில்லைம்மா.

ஜனவரி 30

தீர்ப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறார், அதுதான் பிரச்சினை.

ஜனவரி 31, புதன்

போன் வந்தது. நாளை 9.40க்கு நேரில் வரவேண்டுமாம். போனில் சொல்லமாட்டார்களா? சொல்வதில்லையாம், யாருக்கும் சொல்வதில்லையாம். 'யாருக்கும்' என்பதை இரண்டு தடவை சொன்னாள். அதை நான் இருநூறு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ராத்திரி அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே விடிகாலை மூன்று மணி என்பதே மறந்துபோனது.

"என்னடி, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் திட்டினாள். பதிமூணு நாளா வாய்ல என்ன கொழுக்கட்டையா என்று திட்டினாள். திட்டத் திட்ட எனக்குப் பசித்தது. தயிர்சாதம் பிசைந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டேன்.

"அம்மாகிட்ட?"

"நாளைக்கு அப்புறம்."

பிப்ரவரி 1

8.50. க்னெஃப் சதுக்கம். 2002இல் இதே தேதியில்தான் போனார், 76 வயது, நுரையீரல். பூ ஏதாவது வைத்திருப்பார்கள் என்று பார்த்தேன். டாக்ஸிகள், சைக்கிள்கள், ப்ரெட்செல் தின்னும் ஒரு பையன். தெருப்பலகையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். பெயருக்கு மேலே புறா எச்சம்.

பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன். ஊரை வட்டமாகச் சுற்றும் ரயில்: எஸ் 41 கடிகார முள் போகிற திசை, எஸ் 42 எதிர்த்திசை. மூன்று வருடம் ஆகியும் பலகையைப் பார்த்துத்தான் ஏறுகிறேன். 42, இரண்டு நிமிஷம். அக்கா வாட்ஸப்பில் விநாயகர் படம் அனுப்பியிருக்கிறாள்.