எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் எடை திரும்பிவிட்டது, மறுபடி அறுவையா?
'சிறிதாக்கிய இரைப்பை பெரிதாகிவிட்டது' என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பழச்சாறு, ஐஸ்கிரீம் எல்லாம் எவ்வளவு சிறிய இரைப்பையிலும் தங்காமல் வழுக்கிப் போய்விடும். அதை எந்தக் கத்தியும் தடுக்காது. முதலில் 2 வாரம், குடித்தது உட்பட எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

பழைய அறுவைக் குறிப்பு, எண்டோஸ்கோபி, பேரியம் எக்ஸ்ரே மூன்றும் கையில் வேண்டும். இரைப்பை பைபாஸ் (இரைப்பையில் ஒரு சிறு பையைப் பிரித்து நேரே சிறுகுடலில் இணைப்பது) செய்தவருக்கு, பிரித்த இரைப்பைப் பகுதிகளுக்கிடையே மீண்டும் வழி ஏற்பட்டிருந்தால் பெரும்பாலும் இவற்றில்தான் தெரியவரும். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய்போல் ஆக்குவது) செய்தவருக்குக் கடும் நெஞ்செரிச்சலும் இருந்தால் பைபாஸ்தான் பொதுவாகப் பொருத்தம். ஸ்லீவே அமில எதுக்களிப்பைக் கூட்டக்கூடியது.

மறு அறுவையில், பழைய தழும்புத் திசு ஒட்டியிருப்பதால் தையலிட்ட இடத்தில் கசிவு அபாயம் முதல்முறையைவிட அதிகம், இறங்கும் எடையோ பெரும்பாலும் குறைவு. (இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.) எடை குறைக்க உதவும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைதான் என்றால் இரும்பு, பி12, வைட்டமின் டி குறைவை முன்பே சரிசெய்துவிடுங்கள்.