கேன்டீன் ஃப்ரீசரில் ஒரு சேட்டிலைட் பேட்டரி

ஃபைனல் இயர் புராஜெக்டில் ஆன்டெனா, கேமரா என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு மிஞ்சியது பவர் போர்டு. 10 செ.மீ. பெட்டி அளவு கியூப்சாட், அதாவது குட்டி சேட்டிலைட். ஒரு பேட்டரி, மூணு கன்வர்ட்டர், அவ்வளவுதானே என்று இளக்காரமாகத்தான் எடுத்தேன்.

18650 லித்தியம் அயான் செல் இரண்டு, தொடர் இணைப்பில். முழுக்க ஏறினால் 8.4 வோல்ட். பேனலின் இரண்டு சோலார் செல்லும் சேர்ந்து தருவது 5 வோல்ட்டுக்கும் கீழே. அதனால் சார்ஜ் ஏற்ற, வோல்ட்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வர்ட்டர் ஒன்று; ரேடியோவுக்கு 5, கம்ப்யூட்டருக்கு 3.3 என்று இறக்க பக் கன்வர்ட்டர் இரண்டு. 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம், அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். அந்த நேரம் முழுக்கப் பேட்டரிதான் சோறு போடணும். செல் அடிவரை வடியாமலிருக்க, 6 வோல்ட்டில் லோடை (ரேடியோ, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும்) துண்டிக்க ஒரு கம்பரேட்டர், அதாவது வோல்ட்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் சிப், வைத்திருந்தேன்.

டேபிளில் எல்லாம் சமர்த்தாக ஓடியது. குளிரில் வைத்துப் பார்க்க டெஸ்ட் சேம்பர் கிடைக்க மூன்று வாரமாகும் என்றார்கள். பொறுமை இல்லை. பேட்டரியை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டு கேன்டீன் ஃப்ரீசருக்குள் வைத்தோம். ஒயர் மட்டும் ரப்பர் இடுக்கு வழியாக வெளியே. "பால் பாக்கெட் மேல வச்சிராதம்மா" என்றார் கேன்டீன் அண்ணன்.

பேட்டரி 6.3க்கு வந்ததும் ரேடியோவை ஆன் செய்தேன். ஜூனியர் பையன் கூப்பிட்டான்: "அக்கா, போர்டுல எல்.இ.டி. சிமிட்டுது. இதுக்கு நாம கோட் எழுதவே இல்லையே?"

திடீர் இழுப்பைத் தாங்க வைத்த கெப்பாசிட்டர் மேல்தான் முதலில் சந்தேகம். 22 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும் சின்ன செராமிக், 8 வோல்ட் ஏறினால் அந்த மதிப்பில் பாதி கூடத் தேறாது. நாலு சேர்த்து சால்டர் பண்ணினேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம்.

வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. குளிரில் பேட்டரியின் உள்தடை அரை ஓம் வரை ஏறியிருக்கிறது. ரேடியோ இழுப்பது 0.7 ஆம்பியர். 0.35 வோல்ட் அங்கேயே போய்விடும், மிச்சம் 5.95. கம்பரேட்டர் துண்டிக்கும். லோடு போனதும் பேட்டரி மறுபடி 6.3க்கு எழும். கம்பரேட்டர் சேர்க்கும், கம்ப்யூட்டர் பூட் ஆகும், ரேடியோவைப் போடும், மறுபடி விழும். நாலு விநாடிக்கு ஒரு தடவை. மேலே போன பிறகு இப்படி ஆனால் பிளக்கைப் பிடுங்க யார் இருக்கிறார்கள்?

தீர்வு ஒரே ஒரு ரெசிஸ்டர். கம்பரேட்டரின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு அதைப் போட்டு, 6.0இல் துண்டித்தால் 7.2 வரும்வரை சேர்க்காதபடி மாற்றினேன். சார்ஜர் அந்த சுவிட்சுக்கு முன்னால், பேனல் கரன்ட்டிலேயே ஓடணும். இல்லாவிட்டால் தூங்கினது தூங்கினதுதான்.

மறுபடி ஃப்ரீசர். இந்தத் தடவை எல்.இ.டி. ஒரே ஒரு முறை அணைந்தது, அப்படியே கிடந்தது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது; அதனால் பேட்டரியை வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகு பேனலுக்குப் பதில் பவர் சப்ளையை மாட்டினோம். 7.2 தொட்டு எல்.இ.டி. எரிந்தபோது வாசலில் பால் வண்டி வந்து நின்றிருந்தது.