9.8 வராத ஊசல்

2024 ஜூலை 8, திங்கள்

முதலாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு இன்று முதல் லேப். தென்காசிப் பக்கம் ஜூலை மாதம் என்றால் சாரல் காற்று நிற்காது, மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் ஊசல் குண்டு யாரும் தொடாமலே ஆடும். லேப் அண்ணாச்சி காலையிலேயே ஜன்னல்களைச் சாத்தி ஃபேனையும் நிறுத்தி வைத்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறையிலேயே இருப்பவர், எந்த வெர்னியர் அளவி (நுண்ணிய நீளங்களை அளக்கும் கருவி) எந்தப் பக்கம் பிழை காட்டும் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தனி ஊசலில்தான் ஆரம்பிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பிலேயே செய்தது என்று பிள்ளைகளுக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. ஊசலை ஆட்டி நேரம் பார்த்து ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, கண்டுபிடிக்க வேண்டும். விடை 9.8 என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான் எனக்குக் கவலை.

இன்று குண்டின் விட்டத்தை மட்டும் அளக்கச் சொன்னேன். மீச்சிற்றளவின், அதாவது அளவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவின், வாய்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் தாடைகளை மூடி, பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தோடு நேராக நிற்கிறதா என்று பார்த்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் 'சுழிப் பிழை: இல்லை' என்று எழுதிவிட்டுத்தான் அளவியையே கையில் எடுத்தார்கள். பள்ளியில் அப்படித்தான் எழுதினோம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை, பல பள்ளிகளில் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம்தான் லேப் பூட்டையே திறக்கிறார்கள்.

ஜூலை 10, புதன்

இன்று நடந்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவள் அப்சர்வேஷன் நோட்டில் நீளம் 100 செ.மீ., 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு) 40.14 விநாடி, ஜி 9.80 என்று அழகாக இருந்தது. கையெழுத்துப் போடப் போகும்போதுதான் 40.14-க்கு அடியில் ரப்பர் போட்டு அழித்த தடம் தெரிந்தது.

"முதல்ல என்னம்மா எழுதியிருந்தே?"

"தப்பா வந்துடுச்சு மேம், அதான் மாத்திட்டேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"38.19 மேம். ஜி 10.83 வந்துச்சு."

முகம் சிவந்துவிட்டது. திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். 9.8-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 40.14-ஐக் கண்டுபிடித்திருக்கிறாள், அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த உழைப்பைப் பாதி நேரம் ஊசலுக்குக் கொடுத்திருந்தால் போதும்.

நான் ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஆட்டச் சொல்லி, சத்தமாக எண்ணச் சொன்னேன். குண்டு நடுக்கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப் வாட்சை அழுத்தினாள், அழுத்தும்போதே 'ஒன்று' என்றாள். அங்கேதான் இருக்கிறது விஷயம். வாட்ச் ஓட ஆரம்பிக்கும்போது 'பூஜ்ஜியம்' என்று எண்ண வேண்டும். ஒன்றில் ஆரம்பித்தால் இருபது எண்ணி முடிக்கும்போது 19 அலைவுகள்தான் ஆகியிருக்கும். 38.19-ஐ 19-ஆல் வகுத்தால் அலைவுக் காலம் 2.01 விநாடி. அதிலிருந்து ஜி 9.77.

அதாவது அவள் அழித்த எண் நல்ல எண். கண்ணும் கையும் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன, தவறு எண்ணிக்கையில் மட்டும்தான். அந்தத் தவறு எது என்பதையும் 10.83 என்ற எண்ணே சொல்லிவிட்டது: 20-ஐ 19-ஆல் வகுத்து இருமடி எடுங்கள், 1.108 வரும், உண்மை மதிப்பை விட அவளுக்கு ஏறக்குறைய அத்தனை மடங்குதான் கூடுதலாக வந்திருக்கிறது. 40.14-ஐ வைத்து நான் என்ன கண்டுபிடிக்க முடியும்?

அழித்த இடத்தில் 38.19-ஐத் திரும்பவும் பேனாவில் எழுதி, பக்கத்தில் '19 அலைவுகள்' என்று குறிக்கச் சொன்னேன். கை நடுங்கத்தான் எழுதினாள்.

ஜூலை 15, திங்கள்

ஞாயிறு முழுக்க மனதில் ஓடியது இதுதான். அந்தப் பிள்ளைக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரி கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வு எழுதியபோது எனக்கு வந்தது கீற்றணி (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு), சோடியம் விளக்கு, ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். விளக்கொளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும், எனக்கு 6100-க்கு மேல் வந்தது. அரை மணி நேரம்தான் பாக்கி. 5893-க்கு எந்தக் கோணம் வேண்டும் என்று சைன் அட்டவணையைப் புரட்டிப் பார்த்து அந்தக் கோணத்தையே ரீடிங்காக எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது, வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். கீற்றணி ஒளிக்குச் செங்குத்தாக இல்லையா, இரண்டு வெர்னியர்களில் ஒன்றைத் தப்பாகப் படித்தேனா, முதல் வரிசைக் கோட்டைத்தான் பார்த்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை, நான் பார்த்த கோணத்தை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அதனால் இந்த பேட்சுக்கு இன்று சில விதிகள் சொன்னேன். ரீடிங் எடுத்த உடனே பேனாவில், நேரடியாக நோட்டில். துண்டுச் சீட்டில் எழுதி அப்புறம் படியெடுப்பது கூடாது. தப்பென்று தோன்றினால் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, ஏன் அடித்தேன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். விடை 9.8-இலிருந்து எவ்வளவு விலகியிருந்தாலும் நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன், ரப்பர் தடம் இருந்தால் குறைப்பேன்.

ஜூலை 22, திங்கள்

கடையநல்லூர்ப் பையன் ஒருவன் கேட்டான்: "எனக்கு 9.78 வருது மேம். 9.8-னு ரவுண்ட் பண்ணிக்கவா?"

வேண்டாம் என்றேன். நம் ஊரில் ஜி 9.78தான். புத்தகத்தில் இருக்கும் 9.80665 என்பது 1901-ல் எடைகள் அளவுகளுக்கான பொது மாநாட்டில் உலகத்துக்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட ஓர் எண். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஜி குறையும், நாம் இருப்பது 9 டிகிரி வடக்கே.

அப்படியே ரிஷேவின் கதையைச் சொன்னேன். 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்குப் போனார், அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் திரும்பத் திரும்ப அளந்து, ஊசலை எவ்வளவு குறுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதி வைத்தார். அந்தக் குறிப்பை நியூட்டன் 1687-ல் எடுத்துக்கொண்டு பூமி துருவங்களில் தட்டையானது என்ற தன் வாதத்துக்கு ஆதாரமாக வைத்தார்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் 1821-ல் கோல்டிங்ஹாம் விநாடி ஊசலின் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசல்) நீளத்தை அளந்தார். லண்டனில் அந்த நீளம் ஏறக்குறைய 99.4 செ.மீ., சென்னையில் 99.1. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான்.

பையனுக்கு ஒரே சந்தோஷம், தன் விடைதான் சரி என்று. அங்கேயும் ஒரு தடை போட வேண்டியிருந்தது. ஒரு மீட்டர் ஊசலில் 9.78-க்கும் 9.80-க்கும் உள்ள வித்தியாசம் 20 அலைவுகளில் 0.04 விநாடி. நம் விரல் ஸ்டாப் வாட்சை அழுத்துவதிலேயே 0.1, 0.2 விநாடி முன்னே பின்னே ஆகும். அப்படியிருக்க 20 அலைவுகளை வைத்து இரண்டில் எது என்று அவனால் சொல்லவே முடியாது, 9.78 வந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 100 அலைவுகள் எண்ணினால் வித்தியாசம் 0.2 விநாடியாகும், ஐந்தாறு முறை எடுத்தால் ஏதோ பேசலாம். நீளத்தையும் ஒரு மில்லிமீட்டருக்குள் அளக்க வேண்டும், 2 மி.மீ. தப்பினாலே ஜி 0.02 நகர்ந்துவிடும். "அப்போ என்ன எழுதட்டும் மேம்?" என்றான். உன் கையால் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமோ அதையும் சேர்த்து எழுது, 9.78 கூட்டல் கழித்தல் இவ்வளவு என்று. அந்த 'இவ்வளவு' இல்லாத எண்ணை நான் பாதி விடையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஜூலை 24, புதன்

துறையில் சின்ன வாக்குவாதம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அடித்தல் திருத்தல் உள்ள நோட்டைப் பார்த்தால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம், தேர்வுக்குக் காட்டும் ரெகார்டு சுத்தமாக இருக்கட்டும் என்கிறார் ஒரு மூத்த ஆசிரியர். அவர் பயம் நியாயமானதுதான், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்தப் பிள்ளைகள், இரண்டு மதிப்பெண் போனாலும் போனதுதான்.

ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷூனைப் பற்றி அவரிடம் சொன்னேன். உலகத்தின் முதல்தரமான ஆய்வகங்களில் ஒன்று, நேச்சர், சயன்ஸ் இதழ்களில் வரிசையாகக் கட்டுரைகள். வெவ்வேறு சோதனைகள் என்று வெளியிட்ட வரைபடங்களில் ஒரே இரைச்சல் (அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்) அச்சு அசலாகத் திரும்ப வருவதை மற்ற இயற்பியலாளர்கள் கவனித்தார்கள். 2002-ல் விசாரணைக் குழு கேட்டபோது ஒழுங்கான ஆய்வக நோட்டு இல்லை, மூலத் தரவுக் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன, கணினியில் இடமில்லை என்று காரணம் சொன்னார். தரவு மோசடி பற்றிய 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாயின. அவருடைய முடிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க எத்தனையோ ஆய்வு மாணவர்கள் வருஷக்கணக்கில் உழைத்து வீணானார்கள். அவரும் ஒரு காலத்தில் முதலாம் ஆண்டு லேபில் நின்றவர்தானே.

முடிவாக, அப்சர்வேஷன் நோட்டு என் விதிப்படி, ரெகார்டு அவர் சொல்வது போலச் சுத்தமாக, ஆனால் ரெகார்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நோட்டில் இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம்.

ஜூலை 29, திங்கள்

எல்லாருடைய ஜி மதிப்புகளையும் கரும்பலகையில் எழுதினோம். யார் பெயரும் போடவில்லை, மேஜை எண் மட்டும். பெரும்பாலானவை 9.75-க்கும் 9.82-க்கும் இடையில். மூன்றாவது மேஜை முழுக்க 9.74 பக்கம். போய் ஆட்டச் சொல்லிப் பார்த்தால் குண்டைப் பத்து டிகிரிக்கு இழுத்து விடுகிறார்கள்! அந்த வீச்சில் அலைவுக் காலம் 0.19 சதவீதம் கூடும், ஜி 9.74-க்கு இறங்கும். கணக்கு அப்படியே பொருந்தியதில் மேஜையில் இருந்த நாலு பேரும் கை தட்டினார்கள்.

இன்னொரு மேஜையில் 9.68. நூலை மட்டும் அளந்துவிட்டுக் குண்டின் ஆரத்தை விட்டிருந்தார்கள். ஆனால் நீளத்தை மாற்றி மாற்றி எடுத்து அவர்கள் போட்ட வரைபடத்தில் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் ஒரு செ.மீ. தள்ளி வெட்டியது, சாய்விலிருந்து கணக்கிட்டால் 9.78-க்குப் பக்கம் வருகிறது. வரைபடம் ஏன் போடச் சொல்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது மேம் என்றான் ஒருவன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்று ஆரம்பித்தாகிவிட்டது. கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்க்காமல் இணைத்துவிட்டு கால்வனோமீட்டர் முள் அசையவில்லை என்று நிற்கிறார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு மேஜையாகப் போய்த் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார், எனக்கும் அவரிடம் வந்த பழக்கம்தான் அது.

சங்கரன்கோவில் பிள்ளை லேப் முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். ஊசலை இன்னொரு தடவை தரச் சொன்னாள், 100 அலைவுகள் எண்ணிப் பார்க்கணுமாம். நாலரைக்கு பஸ், அதற்குள் மூன்று முறை எடுத்துவிட்டாள். அவள் எண்ணும் சத்தம் வராந்தா வரை கேட்டது, பூஜ்ஜியத்தில் ஆரம்பித்து.