ஏரிக்கரைக்கு ஐம்பது மில்லிமீட்டர் போதும்

சிங்கப்பூரின் ஜூரோங் ஏரியைச் சுற்றி நாள்தோறும் நடக்கச் சொன்னவர் மருத்துவர். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது என் சொந்த யோசனை. முதல் மூன்று மாதங்களில் இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுத்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும், 300 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸைத் தூக்கிப் பிடித்தபடி, சாம்பல் நாரை எப்போது சிறகை விரிக்கும் என்று அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் அதற்கு நடை என்று பெயரில்லை. "நடக்கப் போகிறீர்களா, நாரைக்குக் காவல் இருக்கப் போகிறீர்களா?" என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான்.

அந்த நீண்ட லென்ஸை நானாக விட்டுவிடவில்லை. துணி அலமாரியில் பல வாரம் கிடந்த அதன் உட்கண்ணாடியில், சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், ஈரத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர்பெட்டி ஆடம்பரமன்று என்பதைச் செலவு செய்துதான் கற்றேன். குளிரூட்டிய படுக்கையறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸின் மேல் பனி படர்ந்துவிடும் என்பதால், இப்போது அதை முந்தைய இரவே வரவேற்பறையில் வைத்துவிட்டுத் தூங்குகிறேன்.

நல்ல ஒளிக்காகக் காத்திருக்கவும் இங்கே நேரம் கிடைப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கும் நமக்குச் சூரியன் சாய்ந்து எழாமல் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறிவிடுவதால், மென்மையான வெயில் முக்கால் மணி நேரத்துக்குள் கடுமையாகிவிடுகிறது. ஆறுதல் ஒன்று உண்டு: 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால், ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. ஆறரை மணிக்கு லேக்சைட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினாலும் விடியலைத் தவறவிட மாட்டோம்.

லேக்சைட் பூங்கா ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதும், சீனப் பூங்காவின் ஏழடுக்குக் கோபுரம் நீருக்கு அப்பால் கிழக்கே இருப்பதும் படம் எடுப்பவருக்கு முக்கியம். காலையில் ஒளி கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வருவதால், அதன் வண்ணத்தைத் தேடிப் பயனில்லை. வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, கறுத்த உருவமாகவும் நீரில் அதன் தலைகீழ் நிழலாகவும் எடுப்பதே சரி. மாலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும். 1970களில் ஜூரோங் ஆற்றை அணைகட்டி உருவாக்கிய ஏரி இது என்பது, காற்றில்லாத விடியலில் அந்த நிழலைப் பார்க்கையில் நினைவில் நிற்பதில்லை.

இப்போது என்னிடம் இருப்பது பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாத 50 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டுமே. மீன்கொத்தியை அதில் எடுத்தால் நீலப்புள்ளி ஒன்றுதான் தெரியும். ஆகையால் மீன்கொத்தியை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு நடந்துவிடுகிறேன், நடையும் கெடுவதில்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைச் சுற்றி முக்காலிகளோடு நெருக்கியடித்து நிற்பவர்களைப் பார்த்தால் முன்பு பொறாமையாக இருக்கும். இப்போது கூட்டுக்குள் இருக்கும் பறவையின் நிலைதான் முதலில் மனத்தில் வருகிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஏரியிலிருந்து ஏறி நடைபாதையைக் கடந்தது. எனக்குப் பக்கத்தில் பீரங்கி போன்ற லென்ஸ் வைத்திருந்த ஒரு பெரியவர், அவை மிக நெருக்கத்தில் வந்துவிட்டதால் சட்டகத்துக்குள் அடக்க முடியாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். ஈரம் சொட்டும் ஆறு நீர்நாய்கள், நிறுத்திய மிதிவண்டியில் ஒரு காலை ஊன்றி நிற்கும் இளைஞர், தந்தையின் விரலை இறுகப் பிடித்திருக்கும் சிறுமி, எல்லாருக்கும் பின்னால் கோபுரம். அந்தப் படத்தைத்தான் என் மனைவி குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், சர்க்கரை அளவைக் குறிக்கும் அட்டைக்குப் பக்கத்தில்.