டிக்கி நிறைந்த பிறகு

ஓரிரு நாள் ஊர் சுற்றி வருவதற்கு ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் உள்ள டிக்கியே போதுமானது. மழைக்கோட்டு, ஒரு மாற்றுடை, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றோடு அது நிறைந்துவிடும் என்றாலும் குறுகிய பயணத்துக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. சமவெளியில் தொடங்கி, மலைப்பாதையில் ஏறி, மறுபுறம் கடலோரச் சாலையில் இறங்கும் நீண்ட பயணம் ஒன்றைத் திட்டமிட்டபோதுதான் கூடுதல் இடத்தை எங்கே உண்டாக்குவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. பின் இருக்கையின் இருபுறமும் தொங்கும் சேடில்பேக் எனப்படும் பக்கப் பைகளே சரி என்ற முடிவுக்கு வந்தேன். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிட நுணுக்கமான வேலையாக இருந்தது.

மற்ற வழிகளை நான் ஒதுக்கியதற்குக் காரணங்கள் உண்டு. முதுகுப்பை மணிக்கணக்காகத் தோளில் தொங்கினால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். கால் வைக்கும் தளத்தில் பையை வைத்தால் ஹேண்டிலை முழுமையாகத் திருப்பும்போது முழங்கால் இடிக்கும். அவசரத்தில் காலைத் தரையில் ஊன்றவும் தாமதமாகும். பின்னால் பொருத்தும் பெட்டியைத்தான் பலரும் பரிந்துரைத்தார்கள். பூட்டிவிட்டுப் போகலாம், மழை புகாது என்ற இரு நன்மைகளும் உண்மையே. ஆனால் ஸ்கூட்டரின் என்ஜின் ஏற்கெனவே பின்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. அதற்கும் பின்னால், உயரத்தில் எடையை ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகிவிடுகிறது. ஏற்றத்தில் ஹேண்டில் பிடிப்பில்லாமல் உணரப்படுவதும், சில வேகங்களில் அது நடுங்குவதும் இதனால்தான். அதே எடையைப் பக்கவாட்டில், இருக்கை மட்டத்துக்குக் கீழே, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால் வண்டியின் நிலைத்தன்மை பெரிதும் கெடுவதில்லை.

கடைகளில் பக்கப் பைகளை லிட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் அந்த எண்ணைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறோம். ஸ்கூட்டரைப் பொறுத்தவரை அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் என்பது என் கருத்து. சந்தையில் கிடைக்கும் பக்கப் பைகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. மோட்டார் சைக்கிளில் என்ஜின் சட்டத்தோடு பிணைந்து நிற்கும். பின்சக்கரமும் அதைத் தாங்கும் கையும் மட்டுமே மேலும் கீழும் அசையும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் என்ஜின், பெல்ட் இருக்கும் உறை, பின்சக்கரம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாக அசைகின்றன. அதோடு பிணைந்த சைலன்சரும் ஏறி இறங்குகிறது. பையோ இருக்கையிலோ உடற்பகுதியிலோ தொங்குகிறது. ஆள் உட்காராமல் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில் பைக்கும் சைலன்சருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி தெரிந்தால் அது போதும் என்று தோன்றும். இருவர் ஏறி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த இடைவெளி முழுவதும் மறைந்துவிடக்கூடும். பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தின் அசைவு எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கிறது. ஆகவே வண்டி பாரத்தோடு அமுங்கும்போது எந்த இடம் காலியாகவே இருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அந்தக் காலியிடத்துக்குள் அடங்கும் பையே நமக்கு உரிய பை.

இதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு எளியது. வாங்க நினைத்த பையின் நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பழைய அட்டைப்பெட்டியிலிருந்து அதே அளவில் இரண்டு பெட்டிகள் செய்து, பின்பக்கக் கைப்பிடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். பிறகு கனமான நண்பர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, நானும் ஏறி, இருவரும் எழும்பி எழும்பி உட்கார்ந்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் வலப்பக்க அட்டையின் கீழ் மூலை சைலன்சரின் மேல் உரசியதால் கரிக்கோடு விழுந்தது. அந்த ஒரு கோட்டினால் என் பட்டியலில் இருந்த பெரிய பைகள் அனைத்தும் நீங்கின.

அட்டையைத் தொங்கவிட்டபடியே மேலும் சிலவற்றைப் பார்த்துக்கொண்டேன். காற்றால் குளிரும் ஸ்கூட்டர் என்ஜின்களில் பெரும்பாலும் வலப்பக்கத்தில் ஒரு விசிறியும் அதன் மேல் துளைகள் கொண்ட மூடியும் இருக்கும். மோட்டார் சைக்கிள் என்ஜினைப் போல எதிர்க்காற்றில் குளிராமல், உடற்பகுதிக்குள் மறைந்திருக்கும் இந்த என்ஜின் விசிறி இழுக்கும் காற்றையே நம்பியிருக்கிறது. பை அந்தத் துளைகளை மூடினால் என்ஜின் சூடேறும். மெதுவாக ஏறும் மலைப்பாதையில் அது விரைவிலேயே தெரிந்துவிடும். இடப்பக்கத்தில் காற்று வடிகட்டியின் பெட்டியும், பல வண்டிகளில் கிக்கரும் இருக்கின்றன. பேட்டரி இறங்கிப்போன காலையில் பையைக் கழற்றாமல் கிக்கரை மிதிக்க முடிய வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்க விரும்பாத நிபந்தனை. பின் இண்டிகேட்டர்கள் பின்னால் வருபவருக்கு மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தெரிகின்றனவா, பின்னால் அமர்பவரின் ஃபுட்ரெஸ்ட் விரிகிறதா, எண் பலகை மறைகிறதா என்பவற்றை ஒரு சுற்று நடந்தாலே பார்த்துவிடலாம்.

அடுத்த கேள்வி பையை எதில் தொங்கவிடுவது என்பது. இரு பைகளை இணைக்கும் பட்டைகளை இருக்கையின் குறுக்கே போட்டுக் கட்டுவதுதான் செலவு குறைந்த, பரவலான முறை. மோட்டார் சைக்கிளுக்கு இது பொருந்தும். ஸ்கூட்டரிலோ இருக்கையைத் தூக்கினால்தான் டிக்கி திறக்கும். பல வண்டிகளில் பெட்ரோல் மூடியும் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. குறுக்கே பட்டை கட்டிவிட்டால் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் மூட்டையை அவிழ்க்க வேண்டும். பட்டையை இருக்கைக்கு அடியில் நுழைத்துக் கட்டும் உபாயம் ஒன்று உண்டு. அவ்வாறு செய்தால் இருக்கையின் பூட்டு சரியாக விழாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, மழையில் நனைந்த பட்டை திரியைப் போல நீரை இழுத்து டிக்கிக்குள் சொட்டவிடும். ஆகவே பின்பக்கக் கைப்பிடியைப் பிணைக்கும் போல்ட்டுகளிலேயே மாட்டப்படும் இரும்புக் குழாய்த் தாங்கிகளை இருபுறமும் பொருத்தி, பைகளை அவற்றில் கட்டுவது என்று தீர்மானித்தேன். தாங்கியின் எடையும் வண்டியின் கணக்கில் சேரும் என்பது இதன் குறை. அதற்கு ஈடாக, இருக்கை தடையின்றித் திறக்கிறது. பையின் அடிப்பகுதி சக்கரத்தின் பக்கம் சாயாமல் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயணம் போகிறவர் குறுக்குப் பட்டையோடு சமாளிக்கலாம். ஆனால் அவரும் ஒரு பக்கத்திலாவது சட்டென்று கழலும் பக்கிள் உள்ள பையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

துணியைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். 600 டெனியர், 1000 டெனியர் என்று சொல்லப்படுவது நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் கூடினால் நூல் தடிமனாகும் என்பது சரி, ஆனால் நீர் புகாமை அதைப் பொறுத்தது அன்று. உட்புறப் பூச்சையும் தையலையும் பொறுத்தது. நீர் பெரும்பாலும் துணியின் வழியே நுழைவதில்லை, தையல் துளைகளின் வழியேயும் ஜிப்பின் வழியேயும்தான் நுழைகிறது. தையலே இல்லாமல் வெப்பத்தால் ஒட்டிய பிவிசி தார்ப்பாலின் பைகள், வாயை மூன்று முறை மடித்துப் பக்கிள் போடும் அமைப்போடு கிடைக்கின்றன. மழைக்கு இவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் பிவிசி சூட்டில் எளிதாக இளகும் பொருள். நைலானும் பாலியஸ்டரும் உருகுவதற்கு 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். பிவிசியோ கொதிநீரின் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். ஒரே இணையில் வலப்பை சைலன்சருக்கு மேலும் இடப்பை குளிர்ந்த பக்கத்திலும் தொங்குவதால், என் பார்வை எப்போதும் வலப்பையின் அடிப்பகுதியிலேயே இருந்தது. கடைசியில் நான் வாங்கியது பக்கத்துக்கு 15 லிட்டர் கொண்ட பாலியஸ்டர் பைகள். உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய, மடித்து மூடும் நீர்ப்புகா உறை இருந்தது. பைக்கு மேல் மாட்டும் மழை உறையை நான் நம்புவதில்லை. ஓட்டத்தில் காற்று அதை ஊதிப் பெருக்கிக் கழற்றப் பார்க்கும். உள்ளுறைக்கு அந்தக் கவலை இல்லை. பட்டைகள் பாலியஸ்டரா என்றும் கேட்டுப் பார்த்தேன், ஏனெனில் நைலான் பட்டை நனைந்தால் சற்று நீண்டு தளரும்.

எடைக் கணக்கைப் பலரும் போடுவதில்லை. வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை என்று ஓர் எண் இருக்கும். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், மூட்டை, கூடுதலாகப் பொருத்திய தாங்கி, பெட்டி என எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். அது 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், 75 கிலோ எடையுள்ளவரும் 65 கிலோ எடையுள்ளவரும் ஏறிய பிறகு மூட்டைக்கு மிஞ்சுவது பத்தே கிலோ. காலிப் பையும் தாங்கியும் அதிலேயே பாதியைத் தின்றுவிடும். தனியாகப் போனதால் எனக்கு இந்த நெருக்கடி இல்லை. இருந்தாலும் தொங்கு தராசு ஒன்றை வைத்து இரு பைகளையும் எடைபோட்டு, அரைக் கிலோவுக்கு மேல் வேறுபாடு வராமல் பொருள்களை மாற்றி அடுக்கினேன். கருவிகளும் சங்கிலிப் பூட்டும் அடியில், முன்பக்கமாக, துணிகள் மேலே. பணம், ஆவணங்கள், கேமரா ஆகியவை டிக்கியில், ஏனெனில் துணிப் பையைப் பூட்டினாலும் கத்தி ஒன்று போதும். டிக்கி என்ஜினுக்கு நேர் மேலே இருப்பதால் நன்றாகச் சூடாகும் என்பதை மறந்து மருந்துகளை அதில் வைக்கக் கூடாது. அவை குளிர்ந்த பக்கமான இடப்பையில் பயணம் செய்தன.

கையேட்டில் முழுச் சுமைக்கு என்று குறிக்கப்பட்ட அளவுக்குப் பின்சக்கரத்தில் காற்றை ஏற்றி, ஷாக் அப்சார்பரின் சுருளை ஒரு படி இறுக்கிக்கொண்டு புறப்பட்டேன். சமவெளிச் சாலையில் பைகள் இருப்பதே தெரியவில்லை. நெரிசலான இடங்களில்தான் அகலம் நினைவுக்கு வந்தது. இரு வண்டிகளுக்கு நடுவே ஹேண்டில் நுழைந்தால் மீதியும் நுழைந்துவிடும் என்று கைக்குப் பழகிய கணக்கு பையோடு செல்லுபடியாவதற்கு, இரு பைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான அகலம் ஹேண்டிலின் அகலத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தடிமன் குறைந்த, நீளவாக்கில் நீண்ட பைகளை நான் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இருட்டிய பிறகு எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள்; பின்பகுதி அமுங்கினால் முகப்பு விளக்கின் ஒளி மேலே எழும்பி எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். விளக்கின் கோணத்தை ஒரு திருகில் தாழ்த்தியதும் அது நின்றது.

மலையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது பையின் அடி தரையைத் தொடுமோ என்ற அச்சம் தேவையற்றதாக இருந்தது. அதற்கு முன் சென்டர் ஸ்டாண்டுதான் உரசும். கவனிக்க வேண்டியிருந்தது வேறொன்று. பட்டைகளின் தொங்கும் நுனிகள் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு நுனி சக்கரத்துக்குள் போய்ச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நுனியையும் சுருட்டி வெல்க்ரோவால் கட்டினேன். நுனியைச் செருகிக்கொள்ள வளையம் தைத்திருக்கிறதா என்பதைப் பை வாங்கும்போதே பார்க்கலாம். இறக்கத்தில் வண்டி நிற்க வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் தேவைப்பட்டதால், முன்னால் செல்லும் வண்டிக்கு அதிக இடம் விட்டு ஓட்டினேன். தங்குமிடத்தில் வெளிப்பை சேறும் சகதியுமாக இருந்தபோதும் உள்ளுறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அறைக்குள் போக முடிந்தது. உள்ளே துணிகள் உலர்ந்தே இருந்தன. இந்த ஒரு வசதிக்காகவே தனி உள்ளுறை கொண்ட பையை மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன்.

கடலோரச் சாலையில் பக்கக்காற்று பலமாக வீசியது. பின்பெட்டியோடு வந்த வண்டிகள் அலைக்கழிந்த அளவுக்கு என் வண்டி அலையவில்லை என்று எனக்குப் பட்டது. அங்கே தொந்தரவு கொடுத்தது மணல். பைக்கும் வண்டியின் உடற்பகுதிக்கும் நடுவே புகுந்த மணல், அதிர்வில் உப்புத்தாளைப் போலப் பெயிண்டைத் தேய்க்கும். பை தொடும் இடங்களில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலத்தை ஒட்டியிருந்தேன். மாலையில் பையைக் கழற்றும்போது அந்த இடத்தை ஈரத்துணியால் துடைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். ஜிப் உள்ள சிறு வெளிப்பைகளின் பற்களில் மணல் சிக்கியதால் அவை திறக்க மறுத்தன. மடித்து மூடும் வாய்க்கு மணலும் ஒரு பொருட்டில்லை.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு எளிது. சைலன்சர் இல்லாததால் சூட்டைப் பற்றிய பேச்சே எழாது. சார்ஜ் ஏற்றும் இடம் மறையாமலும் இருக்கை திறக்கும்படியும் பார்த்துக்கொண்டால் தார்ப்பாலின் பையையே தயங்காமல் வாங்கலாம். ஆனால் சக்கரம் அமுங்கும் அளவையும் சுமை வரம்பையும் அவர்களும் பார்த்தாக வேண்டும். எடை கூடினால் ஒருமுறை சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

ஊர் திரும்பிய பிறகு பைகளைக் கழற்றிக் கழுவி நிழலில் காயவைத்தேன். தாங்கிகள் வண்டியிலேயே இருக்கின்றன. அவற்றின் போல்ட்டுகள் பயணத்தின் முதல் நாள் மாலையிலேயே சற்றுத் தளர்ந்திருந்ததால், புதிதாகப் பொருத்துபவர்கள் முதல் நிறுத்தத்தில் ஒருமுறை ஸ்பானரை எடுத்து இறுக்கிவிட்டு அதன்பின் தொடர்வது நல்லது.