சுகாதாரத் தன்னார்வலர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் பிரஷரும் சுகரும் பார்க்க வீடு வீடாகப் போகும் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் என்னிடம் கேட்பது, "அக்கா, மெஷினெல்லாம் நமக்கு வருமா?" என்றுதான். வரும்.

பிரஷர் பார்ப்பதில் பட்டனை அமுக்குவதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். காபியோ பீடியோ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையைத் துணி மேல் சுற்றக் கூடாது. அளக்கும்போது பேசவும் கூடாது, நம் ஊரில் கஷ்டமே அதுதான். சுகருக்கு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. கை ஈரமாக இருக்கக் கூடாது, ஊசி ஆளுக்கு ஒன்று. பழகப் பழகக் கை தானாக வந்துவிடும்.

உட்கார்ந்து படிக்க வேண்டியது பேச்சைத்தான். எங்கள் பயிற்சியில் ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் பேச வேண்டும். கட்டாயம் வரும் வசனம் இது: "மாத்திரை போட்டேன், நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." உடனே உபதேசத்தில் இறங்காதீர்கள். "நார்மலா இருக்கிறதே அந்த மாத்திரையாலதான் பெரியம்மா" என்று ஒரு வரி போதும். அப்புறம் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். தலை சுற்றியிருக்கலாம், மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று இருந்திருக்கலாம். இதைக் கேட்காமல் அறிவுரை சொன்னால், அடுத்த முறை நம்மைக் கண்டதும் கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள்.

உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை ஒப்பித்துப் பயனில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பக்கத்து வீட்டு அத்தை, "அவளுக்கு என்னவாம்?" என்று விசாரிப்பதையும் நடித்துப் பாருங்கள். "உட்காருங்க அத்தை, உங்களுக்கும் பார்த்துடலாம்" என்பது என் பதில்.

140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மறுபடி அளந்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைப்பது டாக்டர் வேலை. நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு என்றால் மெஷினைத் தேடாமல் 108-க்கு அடியுங்கள். மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.