எங்கிருந்து படிக்கிறீங்க?

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால் சம்பளம் அன்றைக்கே எல்லோர் கணக்குக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

கம்பெனியில் சம்பள ஃபைலை வங்கிக்கு அனுப்புவது என் வேலை. வங்கியிலிருந்து புது சர்ட்டிஃபிகேட், அதாவது அவர்களுடைய டிஜிட்டல் அடையாளச் சான்று, வந்திருந்தது. பழையது மாதக் கடைசியில்தான் காலாவதியாக வேண்டுமா, அப்படி வந்து மாட்டியது. மெயிலில் ஒரு ஜிப், அதற்குள் சர்ட்டிஃபிகேட் ஃபைல். இனி சம்பள ஃபைலை இதிலுள்ள பப்ளிக் கீயை வைத்துத்தான் என்க்ரிப்ட் செய்ய வேண்டும், அதாவது பூட்ட வேண்டும். திறக்கும் கீ வங்கியிடம் மட்டும் இருக்கும். திறந்து பார்த்தால், வழங்கியவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒன்றே. செல்ஃப் சைன்டு, தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டது. போதாக்குறைக்கு மெயில் வந்த ஐடியும் புதுசு.

மெயிலின் அடியில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். விவரம் சொல்லி, மெயிலையும் ஃபார்வர்ட் செய்து, தம்ப்பிரிண்ட்டை, அதாவது சர்ட்டிஃபிகேட்டின் கைரேகை மாதிரியான அடையாளத்தை, படிக்கச் சொன்னேன். விண்டோஸில் காட்டுமே, அந்த 40 எழுத்தும் எண்ணும். வங்கியில் போனை எடுத்த பையன் பொறுமைசாலி. “பாம்பே பி, டெல்லி டி” என்று ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் பொருந்தியது. போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டேன்.

“எங்கிருந்து படிக்கிறீங்க?”

“நீங்க இப்ப ஃபார்வர்ட் பண்ணீங்களே சார், அந்த ஃபைலைத் திறந்துதான்.”

என் ஃபைலையே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். வங்கி சர்வரில் இருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றேன். அது வேற டீம், டிக்கெட் போடணும், நாளைக்குத்தான் ஆகும் என்றான். நான் சர்ட்டிஃபிகேட்டை ஏற்றவில்லை.

பப்ளிக் கீயில் ரகசியம் எதுவும் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அது யாருடையது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தப்பான ஆளின் கீயைப் போட்டாலும் என்க்ரிப்ஷன் அட்டகாசமாக நடக்கும். பூட்டு பூட்டிக்கொள்ளும், சாவி வேறு ஒருவன் சட்டைப்பையில் இருக்கும். 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த பப்ளிக் கீ முறையை வெளியிட்டபோது, எல்லாருடைய கீயையும் ஒரு பொதுப் பட்டியலில் போட்டு வைக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் போய்க் கேட்பானேன், பெயரையும் கீயையும் சேர்த்து நம்பகமான ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் போதுமே என்று 1978-ல் எம்ஐடியில் இளங்கலை ஆய்வேட்டில் எழுதியவர் கோன்ஃபெல்டர் என்ற மாணவர். சர்ட்டிஃபிகேட் பிறந்ததே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதற்காக. நானோ அதைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்ஃப் சைன்டு என்றால் வேறு வழியும் இல்லை.

ஃபைனான்ஸ் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. “இதுக்கு முன்னாடி போட்டதை எல்லாம் யாருப்பா படிச்சுக் காட்டினாங்க?” என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. பழைய சர்ட்டிஃபிகேட் நான் சேர்வதற்கு முன்பே எங்கள் சர்வரில் இருந்தது. எப்படி வந்தது, யார் சரிபார்த்தார்கள் என்று எந்த ஃபைலிலும் ஒரு வரி கிடையாது. அதை நம்பி மாதாமாதம் சம்பளம் அனுப்பியவனும் நான்தான்.

இன்னொன்றும் உண்டு, அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் புது சர்ட்டிஃபிகேட் போலியாகவே இருந்தாலும் அதனால் மட்டும் பணம் போயிருக்காது. வங்கியால் ஃபைலைத் திறக்க முடியாது, திருப்பி அனுப்பியிருப்பார்கள். போலிக் கீ வைத்திருப்பவன் நடுவழியில் ஃபைலையும் பிடித்தால்தான் அவனுக்குப் பிரயோஜனம். அப்போது முதலில் கிடைப்பது பெயர், கணக்கு எண், சம்பளத் தொகை. அது சின்ன விஷயமா? எத்தனை பேருடைய கணக்கு விவரம்! ஆனால் “பணம் போயிடுமா?” என்று அவர் நேராகக் கேட்டிருந்தால், அதனால் மட்டும் போகாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் வங்கியின் சர்வர் டீமில் ஒருவர் கூப்பிட்டுப் படித்தார். 40-ம் அதே. சம்பளம் போனது. அதற்குள் ஒருவருக்கு ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகி அபராதம் விழுந்துவிட்டது. அவர் என்னிடம் நேரில் எதுவும் சொல்லவில்லை, கேன்டீனில் சொன்னாராம்.

முறையான சிஏ, அதாவது சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நம்பகமான நிறுவனத்தின் கையெழுத்து இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சிஏவுக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே சர்ட்டிஃபிகேட் எடுத்தார்கள். 2014-ல் நம் அரசின் தகவல் மையமான என்ஐசியின் சிஏ வழியாகவும் கூகுள் தளங்களுக்கு அனுமதியில்லாத சர்ட்டிஃபிகேட்கள் வெளியாயின. அவற்றில் கையெழுத்தெல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே தப்பு நடந்தால் கண்டுபிடிக்கவும் ரத்து செய்யவும் யாராவது இருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் நானும் அந்தப் பையனும்தான்.

இந்த சர்ட்டிஃபிகேட்டும் அடுத்த மாதம் முடிகிறது. சிஏ கொடுத்தது வேண்டும் என்று வங்கிக்கு எழுதினேன். எல்லா வாடிக்கையாளருக்கும் இதே நடைமுறைதான் என்று பதில் வந்தது. சரி, இந்தத் தடவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், சர்வர் டீம் ஆளே படிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை. மறுபடியும் கடைசி நாளில் வந்து நின்றால் நிறுத்தி வைப்பேனா என்று மேனேஜர் கேட்டார். பார்க்கலாம் சார் என்றேன்.